உப்பு விழும் தேர்

உதகை மாரியம்மன் தேர் கிட்டே வரும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பக்திக்காக இல்லை. கண்ணில் உப்பு விழும்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித் தேர் கோயில் வாசலை விட்டு நகரும். மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் அன்று வண்டி போகாது. கடைத் திண்ணை, மொட்டை மாடி, லாட்ஜ் பால்கனி என்று எங்கே பார்த்தாலும் தலை. நிற்பவர் கையிலெல்லாம் கல்லுப்புப் பொட்டலம். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால், தெருவோரம் விற்கும் அம்மாக்கள் பழைய செய்தித்தாளில்தான் மடித்துத் தருவார்கள். "ரெண்டா வாங்கிக்கோங்கண்ணா, தேரு திரும்பி வர்றப்பவும் போடணுமில்ல" என்று வியாபாரத்தையும் சாஸ்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தேர் நெருங்கியதும் பொட்டலம் பிரியும், பிடி பிடியாக உப்பு பறக்கும். தேர்ச்சீலையிலும் மரத்திலும் அது பட்டுச் சிதறும் ஓசை, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருக்கும். தேர்மேல் நிற்கும் பூசாரிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். வடம் பிடிப்பவர்களுக்குக் கழுத்துக்குள் உப்பு இறங்கியிருக்கும். தேர் போன பிறகு தார்ச்சாலை வெள்ளையாகக் கிடக்கும், செருப்புக்கடியில் நறநறக்கும்.

சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நிஜமாகவே ஆலங்கட்டிதான் பெய்ததோ என்று கேட்பதுண்டு. ஏப்ரல் மாதத்து ஊட்டியில் அது நடக்கக்கூடியதும்தான். உப்பு என்று தெரிந்ததும் அடுத்து வருவது, "ஏன் உப்பு?" என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால், அம்மன் திருவிழா இந்த மலையில் ஏன் இப்படி ஒரு வடிவம் எடுத்தது என்பதும் கூடவே வந்துவிடும்.

யாரைக் கேட்டாலும் கிடைக்கும் முதல் பதில்: உப்பு கரைவது போல நோயும் கஷ்டமும் கரையும். இது மலைக்கு மட்டும் உரிய நம்பிக்கை இல்லை. வைத்தீஸ்வரன்கோயிலில் தோல் வியாதிக்காரர்கள் உப்பும் மிளகும் போடுகிறார்கள், வெல்லத்தைக் குளத்தில் கரைக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் புன்னைநல்லூர் மாரியம்மனுக்கும் வெல்லம் கரைக்கும் நேர்த்திக்கடன் உண்டு. மரு, பாலுண்ணி, கட்டி எது வந்தாலும் மாரியம்மனுக்கு உப்பு வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்வது தமிழ்நாடு முழுக்கப் பாட்டிமார் கை வைத்தியத்தில் ஒரு பகுதி. அம்மை நோய்க்கே அம்மன் பெயரை வைத்த ஊர் இது. பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975-ல். அதுவரை மாரியம்மன் திருவிழா என்பது கோடையில் வரும் ஒரு சாவு பயத்துக்கு ஊர் கூடிச் செய்த சமாதானமாகவும் இருந்தது. மழைக்கும் அவள்தான், அம்மைக்கும் அவள்தான். இரண்டுமே கோடையின் கவலை என்பதால் பங்குனியும் சித்திரையும் அவளுக்கு.

ஆனால் சன்னதியில் உப்பைக் கொட்டுவது வேறு, ஓடும் தேர்மேல் வீசுவது வேறு. இரண்டாவது எல்லா ஊரிலும் கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று தேடினால் மலையை விட்டு இறங்கியதும் அகப்படுகிறது. கோயம்புத்தூரில், மாசி மாதம் ஒரு புதன்கிழமை நடக்கும் கோனியம்மன் தேரோட்டத்தில். ராஜவீதியில் தேர் வரும்போது கூட்டம் உப்பும் மிளகும் அள்ளி வீசும். கோவைக்காரர்களுக்கு இது சின்ன வயதிலிருந்து கண்ட காட்சி.

என் கணக்கு இதுதான்: ஊட்டித் தேரில் விழும் உப்பு கொங்கு நாட்டிலிருந்து மலையேறி வந்த பழக்கம். வந்த வழியும் ஊகிக்கக்கூடியதே. கோவை கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் வந்து, பிறகு உதகையில் வீடு கட்டி, ஏரி வெட்டி, ஊரை உண்டாக்கினார். 1868-ல் தனி நிர்வாகமாகப் பிரியும் வரை நீலகிரி பெரும்பாலும் கோவை மாவட்டத்தோடு சேர்ந்துதான் இருந்தது. புதிய ஊருக்கு அரிசி, பருப்பு, துணி, எண்ணெய் எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாக மாட்டு முதுகிலும் பிறகு வண்டியிலும் ஏறின. மலையில் விளையாத பொருள்களில் முதலாவது உப்பு. அந்த மூட்டைகளோடு வியாபாரி வந்தான், சுமைகூலி வந்தான், கொத்தனார் வந்தார். அவர்கள் சாமியும் வராமலா இருக்கும்?

உதகை மாரியம்மன் கோயிலின் தலவரலாறும் சந்தையிலிருந்தே தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை சந்தை கூடியிருந்தபோது, வடக்கேயிருந்து இரண்டு பெண்கள் ஒளிவீசும் முகத்தோடு வந்து தங்க இடம் கேட்டார்களாம். வியாபாரிகள் ஒரு மரத்தடியைக் காட்டினார்கள். அங்கே போன இருவரும் மின்னல் போல மறைந்துவிட்டார்கள். வந்தது அம்மன் என்று உணர்ந்து அந்த இடத்தில் கோயில் எழுப்பியதாகக் கதை. இரண்டு பேர் வந்ததாலேயே கருவறையில் மாரியம்மனும் காளியம்மனும் அருகருகே இருக்கிறார்கள். ஒரே கருவறையில் இரண்டு அம்மன் என்பது அரிது. காட்டேரியம்மனுக்குத் தனிச் சன்னதி. பிள்ளைகள் ராத்திரியில் பயந்து அழுதால் கயிறு கட்டிக்கொள்ள இங்கேதான் கூட்டிவருவார்கள்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது சாமிகளை விட வியாபாரிகளை. மரத்தடியைக் காட்டியவர் ஊர்க் கவுண்டரும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. சந்தைக்கு வந்த, ஒருவரையொருவர் சரியாக அறியாத, பல பாஷைக்காரர்கள். சமவெளிக் கிராமத்தில் மாரியம்மன் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களின் அம்மன். முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்கு என்பதெல்லாம் பரம்பரையாக முடிவானது. ஊட்டியில் அப்படி உரிமை கொண்டாடப் பழைய ஊர் ஒன்று அந்த இடத்தில் இல்லை. எல்லோரும் வந்தவர்கள். ஆகவே அவள் சந்தையின் அம்மன், சந்தைக்கு வந்த எல்லோருக்கும் அம்மன்.

இது திருவிழா நடக்கும் விதத்திலேயே தெரியும். பங்குனியில் பூச்சொரிதலோடு தொடங்கினால் ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் விழா. ஒவ்வொரு நாளும் ஒரு சமுதாயத்தாரின் உபயம். உபயம் என்றால் அன்றைய செலவும் பொறுப்பும் அவர்களுடையது: அபிஷேகம், அலங்காரம், அன்னதானம், மாலையில் வீதி உலா. தமிழ் பேசும் பல சமூகங்களோடு ஒக்கலிகருக்கு ஒரு நாள், தெலுங்கு பேசுகிறவர்களுக்கு ஒரு நாள், மலையாளிகளுக்கு ஒரு நாள், படுகருக்கு ஒரு நாள். நோட்டீஸில் வரிசையாக அச்சடித்த அந்தப் பட்டியலைப் படித்தாலே போதும், இந்த ஊர் யாரால் ஆனது என்று தெரிந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாளுக்கு நாள் அம்மன் பாஷை மாறுவாள். மலையாளிகள் உபயத்தன்று பஜார் முழுக்கச் செண்டை மேளம் அதிரும். கசவு முண்டு உடுத்திய பெண்கள் தாலப்பொலி எடுத்து இரண்டு வரிசையாக வருவார்கள். தட்டில் அரிசி, பூ, பாதித் தேங்காயில் ஏற்றிய விளக்கு. ஏப்ரல் சாயங்காலத்துக் காற்றில் அந்த விளக்கு அணையாமல் இருக்க ஒவ்வொருவரும் இடது கையைக் குடையாக வளைத்துப் பிடித்திருப்பார்கள். குளிருக்குக் கசவுக்குள்ளே ஸ்வெட்டர் போட்டிருப்பதும் தெரியும். மறுநாள் வேறு மேளம், வேறு அலங்காரம். ஒரே சிலை, ஒரே தெரு. தேர் நாளன்று மட்டும் எல்லோரும் ஒன்றாக வடம் பிடிப்பார்கள்.

மலையில் எல்லோரும் வந்தவர்கள் என்றேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகியோர் சந்தைக்கு முன்பிருந்தே இருப்பவர்கள். படுகரும் பல நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். படுகர்களுக்கு மாரியம்மன் உபயம் உண்டென்றாலும் அவர்கள் மனசுக்கு நெருக்கமான திருவிழா வேறு: ஹெத்தை ஹப்பா. ஹெத்தை என்றால் பாட்டி, மூதாய். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வரும் இந்த விழாவுக்குக் கோத்தகிரி அருகே பேரகணி முக்கியமான இடம். மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சந்தைத் தேருக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மஞ்சள் சேலை, சிவப்புக் குங்குமம், வேப்பிலைப் பச்சை என்று மாரியம்மன் விழா ஒரே வண்ணமயம். ஹெத்தைக்கு வெள்ளை மட்டும். ஆண்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகை. பெண்கள் வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துணி. தேயிலைச் சரிவுகளின் ஒற்றையடிப் பாதையில் அவர்கள் வரிசையாக நடந்து போவதை எதிர்மலையிலிருந்து பார்த்தால், பச்சைத் துணியில் வெள்ளை நூல் ஓடுவது போலிருக்கும். மாரிக்குச் செவ்வாய் என்றால் படுகருக்குப் புனிதமான கிழமை திங்கள்.

உப்பு மட்டும் இங்கேயும் உண்டு, வேறு அர்த்தத்தில். படுகர் கிராமங்களில் 'உப்பு ஹட்டுவ' என்று ஒரு பண்டிகை. நீரில் உப்பைக் கரைத்து மாடு எருமைகளைக் குடிக்க வைப்பார்கள். தோடர்களும் எருமைகளுக்கு உப்புநீர் கொடுப்பதை ஒரு சடங்காகவே செய்கிறவர்கள். மலைப்புல்லை மட்டும் தின்று வளரும் மாட்டுக்கு உப்பு தேவை என்பது மேய்ப்பவர் அறிந்த உண்மை. கடலிலிருந்து இத்தனை உயரத்தில் அந்த உப்பு எவ்வளவு அரிய பொருளாக இருந்திருக்கும் என்று யோசித்தால், அது சடங்கானதில் ஆச்சரியம் இல்லை. இன்று பல ஹட்டிகளில், அதாவது படுகர் கிராமங்களில், மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாகிவிட்டது, மாடுகள் குறைந்துவிட்டன. பண்டிகை விடவில்லை.

எஸ்டேட்டுகளுக்கு வந்தால் மாரியம்மன் இன்னொரு ஆள். தேயிலைத் தோட்டம் எதுவானாலும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கும். தகரக் கொட்டகையில் தொடங்கி, போனஸ் நன்றாக வந்த வருஷத்தில் கான்கிரீட் ஆகி, பிறகு கோபுரம் கண்ட கோயில்கள் நிறைய. திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி. நிர்வாகமும் ஒரு தொகை தரும். எஸ்டேட் மேலாளரான துரைக்கு மாலை போட்டு மரியாதை செய்வது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். இன்று துரை தமிழராகவோ பஞ்சாபியாகவோ இருந்தாலும் மாலை மாறவில்லை. அன்று கொழுந்துக் கூடை இறங்காது, கரகம் ஏறும். விடியலில் ஓடைக்குப் போய்ப் பூங்கரகம் ஜோடித்து, தப்பட்டையோடு மேட்டில் ஏறி வருவார்கள். சமவெளியில் கரகம் தெருவில் ஆடி வரும். இங்கே செங்குத்தான தேயிலைப் பாதையில், பனிக்கு வழுக்கும் கல்படியில், கை படாமல் தலையில் நிற்க வேண்டும். கரகம் எடுப்பவரின் கால் விரல்களை அப்போது பார்க்க வேண்டும், மண்ணைக் கவ்விப் பிடித்தபடி ஏறும்.

இந்த எஸ்டேட் அம்மன்களில் சிலர் கடலைத் தாண்டித் திரும்பியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து சனங்கள் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனபோது மாரியம்மனையும் கொண்டுபோனார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் அளவுக்கு அவள் அங்கே வளர்ந்தாள். 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. பின்னாளில் டான்டீ என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் காடு திருத்திச் செடி நட்டவர்கள், கண்டியிலும் நுவரெலியாவிலும் செய்தது போலவே இங்கும் முதலில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். பிறந்த மலையை விட்டு, தாத்தா பிறந்த நாட்டில் இன்னொரு மலைக்கு வந்தவர்களுக்குப் பழகிய முகமாக அவள் ஒருத்திதான் இருந்தாள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கிறார்கள். எஸ்டேட் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அவர்கள் அனைவரையும் பார்க்கலாம். லைன் வீடுகளில் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அன்று கூழ் வாங்கக் கிண்ணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். இந்த மலையின் உபயப் பட்டியல் இன்னும் முடியவில்லை.

குன்னூரில் தந்தி மாரியம்மன். தந்தி என்றால் தந்திக் கம்பம்தான். கம்பத்தின் பக்கத்தில் குடிகொண்டதால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். சமவெளியில் அம்மனுக்கு வேம்பு, புற்று, ஏரிக்கரை என்று அடையாளம் வரும். வெள்ளைக்காரன் போட்ட ஊரில் தபால் தந்தி இலாகா அடையாளமாயிற்று. அங்கேயும் சித்திரைத் திருவிழா பெரிதாக நடக்கும். ஊட்டித் தேரும் குன்னூர் விழாவும் அடுத்தடுத்து வருவதால் பூ வியாபாரிகளுக்கு அந்த மாதம் தூக்கம் கிடையாது.

மலையின் வடசரிவில் இறங்கினால் காட்டு அம்மன்கள். மசினகுடி அருகே பொக்காபுரம் மாரியம்மனுக்கு மாசியை ஒட்டித் திருவிழா. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போக வேண்டும். நீலகிரி மட்டுமின்றிக் கோவையிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கூட்டம் வரும். கோயிலைச் சுற்றி முதுமலைக் காடு. யானை நடக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கானவர் கூடினால் வனத்துறைக்கு வயிற்றில் புளி கரையும். இரவில் தங்கக் கூடாது, தீ மூட்டிச் சமைக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஆண்டும் கட்டுப்பாடு வரும். ஒவ்வொரு ஆண்டும் முணுமுணுப்பும் வரும். இதில் நான் வனத்துறையின் பக்கம். மாசி மாதக் காட்டில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும், ஒரு அடுப்புப் பொறி போதும்.

காட்டுக் கோயில்களுக்கு இன்னொரு ஆபத்து தண்ணீர். 2022 டிசம்பரில், கார்த்திகை தீபத்தை ஒட்டி ஆனிக்கல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய பெண்களில் நான்கு பேர் ஓடையைக் கடக்கும்போது திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கோயில் இருக்கும் இடத்தில் தூறல்தான் இருக்கும், மேல் மலையில் கொட்டியிருக்கும். மலை ஓடையில் நீர் ஏறுவதற்குப் பத்து நிமிஷமே அதிகம். மாரி என்ற சொல்லுக்கு மழை என்று பொருள் என்பது சமவெளியில் இலக்கணம், இங்கே எச்சரிக்கை.

தேர் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். தேதி ஆண்டுதோறும் மாறும். பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் வரும் செவ்வாய் என்று வைத்துக்கொண்டு விசாரித்தால் போதும். காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுக் காலையிலேயே நடந்து உள்ளே போய்விட வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பாக்கியசாலிகள். தூள் உப்பு வாங்காதீர்கள், காற்றில் நம் முகத்துக்கே திரும்பி வரும். கல்லுப்புதான் எறிய வசதி. உயரத்தை நோக்கி வீச வேண்டும், வடம் பிடிப்பவர் தலையை நோக்கி அல்ல. வீசும்போது மனசில் ஒன்றை நினைத்துக்கொள்வது வழக்கம். என்ன நினைத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் நகராட்சி ஊழியர்கள் துடைப்பத்தோடு வந்துவிடுவார்கள். கோடை மழை பெய்துவிட்டால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். பெய்யாத வருஷத்தில் சாக்கடை ஓரங்களிலும் கடைப்படி இடுக்குகளிலும் உப்பு தங்கிவிடும். மறுநாள் விடியற்காலையில், கடை திறக்கும் முன் மார்க்கெட் பக்கம் நடந்து போனால், அங்கேயே திரியும் ஊட்டி மாடுகள் நான்கைந்து தேர் போன தடத்திலேயே தலையைக் குனிந்து நின்று, அவசரமில்லாமல் அதை நக்கிக்கொண்டிருக்கும்.